கார்டைத் தேய்த்தும் குறையாத கணக்கு

கல்யாணத்துக்கு நகை எடுக்க ஒரு குடும்பம் கடைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையிலிருந்து உட்கார்ந்து, சேதாரத்துக்குப் பேரம் பேசி, கடைசியில் 2,40,000 ரூபாய்க்கு ஓர் ஆரம் முடிவாகிறது. அப்பா கிரெடிட் கார்டை நீட்டுகிறார். மெஷினில் செருகி, பின் நம்பரை அழுத்தியதும் சரசரவென்று ஸ்லிப் வெளியே வருகிறது. செல்போனில் குறுஞ்செய்தியும் வந்து விழுகிறது. கடையில் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எல்லோரும் வீடு திரும்புகிறார்கள்.

பத்து நாள் கழித்து வங்கிச் செயலியைத் திறந்தால் அந்தத் தொகையைக் காணோம். வாங்கிய அன்று குறைந்திருந்த கார்டு வரம்பு மறுபடி முழுசாக நிற்கிறது. மாதக் கடைசியில் வந்த ஸ்டேட்மென்டிலும் நகைக்கடைப் பெயர் இல்லை. வீட்டில் இரண்டு கட்சி உருவாகிறது. “அவங்களே கேட்கலையேப்பா, நாமளா போய்ச் சொல்லணுமா?” என்கிறான் மகன். “எனக்கு வயித்துல புளியைக் கரைக்குதுடா. நாலு மாசம் கழிச்சு மொத்தமா எடுத்துட்டா, அப்ப கையில பணம் இருக்குமா?” என்கிறார் அம்மா.

பணம் கழிந்தும் கடைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கு வழி தெளிவாக இருக்கிறது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையின்படி, கடையில் கார்டைத் தேய்த்துக் கணக்கில் பணம் குறைந்து, கடைக்கு உறுதிச் செய்தி போகாவிட்டால், அடுத்த ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இந்தக் குடும்பத்துக்கு வந்திருப்பது நேர்மாறான சிக்கல். பொருள் வீட்டில் இருக்கிறது, ஸ்லிப் கையில் இருக்கிறது, பணமும் கணக்கிலேயே இருக்கிறது. அது எப்படி நடக்கும்?

ஒரு தேய்ப்பு, இரண்டு பயணம்

கார்டைச் செருகிய அந்தச் சில நொடிகளில் பணம் ஓர் அடிகூட நகர்வதில்லை. நகர்வது ஒரு கேள்வியும் ஒரு பதிலும்தான். கடையின் மெஷின், அதைக் கொடுத்த வங்கிக்குச் சேதி அனுப்புகிறது. அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்பு வழியாகக் கார்டு கொடுத்த வங்கிக்குக் கேள்வி போகிறது: இந்தக் கார்டுக்கு இவ்வளவு ரூபாய் தரலாமா? வங்கி கணக்கைப் பார்த்து, சரி என்றால் ஓர் ஒப்புதல் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. கூடவே அந்தத் தொகையை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. செயலியில் குறைந்ததுபோலத் தெரிவது இந்த ஒதுக்கீடுதான்.

பணம் நகர்வது இரண்டாம் பயணத்தில். அன்று நடந்த எல்லா விற்பனையையும் மெஷின் ஒரு கட்டாகச் சேர்த்து வைத்திருக்கும். ‘பேட்ச்’ என்பார்கள். கடை அடைக்கும் நேரத்தில் அந்தக் கட்டைக் கடையின் வங்கிக்கு அனுப்பும் வேலைக்குக் கல்லாப்பெட்டி மொழியில் ‘செட்டில்மென்ட் போடுவது’ என்று பெயர். அந்தக் கட்டு வலையமைப்பின் வழியாகப் பிரிந்து அந்தந்த வங்கிக்குப் போன பிறகுதான் ஒதுக்கிய தொகை உண்மையான பற்றாக மாறுகிறது. முதல் பயணம் வாக்குறுதி, இரண்டாம் பயணம் வசூல்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் ரங்கூனிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த காலத்தில் நம்பிக்கையாகப் புழங்கிய உண்டியல் சீட்டும் இதே கணக்குதான். பணம் கப்பலேறவில்லை, சீட்டுதான் ஏறியது. சீட்டு போய்ச் சேர்ந்து, பேரேட்டில் பற்று எழுதிய பிறகே கணக்கு முடிந்தது. வழியில் சீட்டு தொலைந்தால் பணம் சீட்டு எழுதியவர் கையிலேயே நிற்கும். அதற்காகக் கடன் தீர்ந்துவிடாது.

கார்டிலும் இந்த இரட்டைப் பயணம் காகிதக் காலத்தின் மிச்சம். 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் சுமார் 60,000 பேருக்கு, கேட்காமலேயே, தபாலில் கார்டுகளை அனுப்பியது. பின்னாளில் விசா ஆன திட்டம் அது. அப்போது பெரிய தொகை என்றால் கடைக்காரர் தொலைபேசியில் வங்கியைக் கூப்பிட்டு அனுமதி வாங்குவார். அது ஒரு வேலை. கார்பன் வைத்த சீட்டில் கார்டின் புடைத்த எழுத்துகளை உருளையால் தேய்த்து எடுத்து, சீட்டுகளைக் கட்டி வங்கிக்கு அனுப்புவார். அது வேறு வேலை. 1973ல் டீ ஹாக் என்பவரின் தலைமையில் அந்தத் திட்டத்தை நடத்திய அமைப்பு அனுமதி கேட்பதைக் கணினிக்கு மாற்றியது. சீட்டுப் பரிமாற்றம் அதன் பிறகே கணினிக்கு வந்தது. இரண்டும் தனித்தனியாகக் கணினிக்குள் நுழைந்தன; பெரும்பாலும் இன்றும் அப்படியே தனித்தனியாக ஓடுகின்றன.

இந்தப் பிரிவினையில் பயனும் உண்டு. ஓட்டலில் அறை எடுக்கும்போது எத்தனை நாள் தங்குவோம், என்ன சாப்பிடுவோம் என்று தெரியாது. ஒரு தொகையை முதலில் ஒதுக்கி வைத்து, கிளம்பும்போது சரியான தொகையை மட்டும் எடுக்க இந்த முறை கைகொடுக்கிறது. ஆனால் வாக்குறுதியும் வசூலும் தனித்தனி என்றால், ஒன்று நடந்து மற்றொன்று நடக்காமல் போகும் வாசலும் திறந்தே இருக்கும்.

எங்கே நழுவுகிறது?

மிகச் சாதாரணமான காரணம், கட்டு போய்ச் சேராதது. மெஷின் பழுதாகி மாற்றப்பட்டிருக்கலாம். செட்டில்மென்ட் போட மறந்திருக்கலாம். இன்று பல மெஷின்கள் இதைத் தாமாகவே செய்துவிடுகின்றன. ஆனாலும் அந்த நேரத்தில் இணைப்பு இருக்க வேண்டும். கட்டு வரவில்லை என்றால் கார்டு வங்கி ஒதுக்கீட்டை என்றென்றைக்கும் பிடித்து வைத்திருக்காது. சில நாட்களிலோ சில வாரங்களிலோ, வியாபாரத்தின் வகையைப் பொறுத்து, விட்டுவிடும். வரம்பு பழையபடி முழுசாகும். நகை வாங்கிய குடும்பம் பார்த்தது இதைத்தான்.

இரண்டாவது காரணம், மெஷினில் தவறான பொத்தான். விற்பனை என்பதற்குப் பதில் முன் அனுமதி என்று அழுத்திவிட்டால் ஸ்லிப்பும் வரும், ஒப்புதல் எண்ணும் வரும். ஆனால் கடைக்காரர் பிறகு அதை முடித்து வைத்தால்தான் பணம் கிடைக்கும். முடிக்கவில்லை என்றால் அது அனுமதியாகவே காலாவதியாகும்.

மூன்றாவது காரணம் பெரிய தொகைகளில் அடிக்கடி பொறி வைப்பது. கார்டுச் செய்திகளுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 8583, முதல் பதிப்பு 1987ல் வந்தது. அதில் தொகைக்கு 12 இலக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். புள்ளி கிடையாது. கடைசி இரண்டு இலக்கமும் பைசா என்பது இரு தரப்பும் முன்பே ஒத்துக்கொண்ட ஏற்பாடு. ஜப்பானின் யென்னுக்குப் பைசா இல்லை என்பதால் அங்கே பூஜ்யம் இலக்கம், குவைத் தினாருக்கு மூன்று இலக்கம் என்று நாணயத்துக்கு நாணயம் இது மாறும். இதே வழக்கப்படி, பல மெஷின்களில் எண்கள் வலது ஓரத்திலிருந்து, பைசாவிலிருந்தே, நிரம்பத் தொடங்கும். 2, 4, பிறகு நான்கு பூஜ்யம் என்று தட்டினால் திரையில் வருவது 2,400 ரூபாய். 2,40,000 வேண்டுமென்றால் இன்னும் இரண்டு பூஜ்யம் தட்ட வேண்டும். கூட்ட நேரத்தில் இருவர் கண்ணிலும் இது படாமல் போகலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கார்டு எண்ணின் கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். ஐ.பி.எம். பொறியாளர் ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்து, 1960ல் காப்புரிமை பெற்ற கணக்கு முறை அது. எண்ணில் ஏதேனும் ஓர் இலக்கம் மாறினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். தொகைக்கு அப்படி ஒரு காவல்காரன் இல்லை. 2,400ம் மெஷினுக்குச் சரியான தொகை, 2,40,000மும் சரியான தொகை.

இரண்டு தளபதிகள்

நான்காவது காரணம் கொஞ்சம் ஆழமானது. கணினி அறிவியலில் ‘இரண்டு தளபதிகள் புதிர்’ என்று ஒன்று உண்டு. 1975ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வந்தது. ஜிம் கிரே 1978ல் இந்தப் பெயரைக் கொடுத்தார். எதிரி முகாம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. இரு பக்கக் குன்றுகளில் இரண்டு தளபதிகள். ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. தூதன் பள்ளத்தாக்கைக் கடந்துதான் போக வேண்டும், வழியில் பிடிபடலாம். முதல் தளபதி “விடியற்காலை தாக்குவோம்” என்று சொல்லி அனுப்புகிறார். தூதன் போய்ச் சேர்ந்தானா என்று அவருக்குத் தெரியாது. அதனால் பதில் வேண்டும். பதில் கொண்டுபோன தூதன் போய்ச் சேர்ந்தானா என்று இரண்டாமவருக்குத் தெரியாது. அதற்கும் ஒரு பதில் வேண்டும். எத்தனை முறை தூது விட்டாலும், கடைசித் தூதனின் கதி மட்டும் அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது.

நகைக்கடை மெஷினும் வங்கிக் கணினியும் இந்த இரண்டு தளபதிகள்தாம். வங்கி சரி என்று சொல்லிப் பணத்தை ஒதுக்கிவிட்டது. குறுஞ்செய்தியும் வாடிக்கையாளருக்குப் போய்விட்டது. ஆனால் பதில் மெஷினை அடைவதற்குள் சிக்னல் போய்விட்டது. குறித்த நேரம் காத்திருந்த மெஷின், நடந்ததை ரத்து செய்யச் சொல்லி ஒரு செய்தி அனுப்பிவிடும். வங்கியும் ஒதுக்கீட்டை அவிழ்த்துவிடும். இதற்குள் வாடிக்கையாளர் குறுஞ்செய்தியைக் காட்டியிருப்பார். அதை நம்பி கடைக்காரர் பொருளைக் கொடுத்தனுப்பியிருந்தால் பற்று எழுத எதுவுமே மிச்சமில்லை. ஸ்லிப்பில் ஒப்புதல் என்று அச்சாகாமல் பொருளைக் கொடுக்கக் கூடாது என்று கல்லாவில் சொல்லிக் கொடுப்பது இதனால்தான்.

அந்த நொடியிலேயே இரு பக்கமும் ஒரே முடிவில் இருப்பதற்கு உறுதி தர முடியாது என்பதால், வங்கிகள் வேறு வழி வைத்திருக்கின்றன. பிறகு உட்கார்ந்து பேரேடுகளை ஒப்பிடுவது. கடையின் வங்கி ஒரு பட்டியல், வலையமைப்பு ஒரு பட்டியல், கார்டு வங்கி ஒரு பட்டியல். மூன்றையும் வரிவரியாகப் பொருத்திப் பார்ப்பார்கள். இந்தச் சரிபார்ப்பு சில நாளில் முடியலாம். பிசகினால் மாதக்கணக்கிலும் இழுக்கலாம்.

எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சாட்சி இருக்கிறது. 2021 மே மாதத்தில் கிரிப்டோ.காம் நிறுவனம் மெல்போர்னில் ஒருவருக்கு 100 டாலர் திருப்பித் தர வேண்டியிருந்தது. தொகைக் கட்டத்தில் கணக்கு எண்ணைப் போட்டுவிட்டார்கள். போனது 1 கோடியே 4 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். நிறுவனம் இதைக் கண்டுபிடித்தது டிசம்பர் மாதத் தணிக்கையில். ஏழு மாதம். அந்தப் பணத்தில் வீடும் வாங்கியாகிவிட்டது. வீட்டை விற்றுப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம்.

பிசகாகக் கைக்கு வந்த பணம் நிலைக்காது என்பதற்கு வேறு சாட்சிகளும் உண்டு. அயர்லாந்தில் 2023 ஆகஸ்ட் 15 அன்று பேங்க் ஆஃப் அயர்லாந்தின் கணினியில் கோளாறு. கணக்கில் பணம் இல்லாதவர்களாலும் ஏ.டி.எம்.மில் எடுக்க முடிகிறது என்று செய்தி பரவி, இரவில் நீண்ட வரிசை. சில இடங்களில் போலீஸ் நிற்க வேண்டி வந்தது. எடுத்த தொகை எல்லாம் அவரவர் கணக்கில் பற்று வைக்கப்படும் என்று வங்கி அறிவித்தது. அடுத்த மாதமே சென்னையில் ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் கணக்கில் 9,000 கோடி ரூபாய் வந்து விழுந்தது. ஏமாற்று வேலையோ என்று சந்தேகப்பட்டு நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பிப் பார்த்தார், போனது. சிறிது நேரத்தில் வங்கி மீதியை எடுத்துக்கொண்டது.

கடன் தீர்ந்ததா?

மகனின் கேள்விக்குச் சட்டம் நேரான பதில் தருகிறது. தவறுதலாகக் கைக்கு வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72ஆம் பிரிவில் சொல்கிறது. கார்டில் பணம் எடுக்கப்படாத இடத்தில் இதைவிடவும் எளிய விதி போதும்: பொருளை வாங்கியவர் விலையைத் தர வேண்டும். மெஷினின் மறதி விலையைத் தள்ளுபடி செய்யாது. விற்ற பொருளின் விலையைக் கேட்டு வழக்குப் போட 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டு தருகிறது. கடன் இருப்பதை வாங்கியவர் அதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும்.

யாருக்குத் தர வேண்டும் என்பதில் இங்கிலாந்தில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது. பெட்ரோல் பங்குகளில் பயன்படுத்த வாடிக்கையாளர்களுக்குக் கார்டு கொடுத்த சார்ஜ் கார்டு சர்வீசஸ் என்ற நிறுவனம் 1985ல் திவாலானது. பங்குக்காரர்கள் வாடிக்கையாளர்களிடமே கேட்டார்கள். கார்டை ஏற்றுக்கொண்ட அந்தக் கணமே வாடிக்கையாளருக்கும் பங்குக்கும் கணக்கு முடிந்தது, இனி அவர் கார்டு நிறுவனத்தின் கடன்காரர் மட்டுமே என்று தீர்ப்பு வந்தது. எண்ணெயின் விலையை ஒருமுறை தர வேண்டும் என்பதில் எந்தத் தரப்புக்கும் ஐயம் இருக்கவில்லை.

செய்ய வேண்டியது

முதலில் ஸ்லிப்பை எடுத்துத் தொகையைப் பார்க்க வேண்டும். 2,400 என்று இருந்தால் காணாமல் போனது எதுவும் இல்லை. கடை குறைவாக வாங்கியிருக்கிறது. அடுத்து, விற்பனை என்று அச்சாகியிருக்கிறதா, முன் அனுமதி என்றா. பிறகு ஒப்புதல் எண் இருக்கிறதா. ஆறு எழுத்துகளுக்குள் அடங்கும் அது வங்கி கொடுத்த வாக்குக்குச் சாட்சி. 12 இடங்கள் கொண்ட ஆர்.ஆர்.என். எண், அந்தப் பரிமாற்றத்துக்கு வாகன நம்பர் பலகை மாதிரி. மூன்று பேரேடுகளிலும் அதை வைத்துத் தேடலாம்.

ஒதுக்கீடு இன்னும் நிற்கிறது என்றால் ஒரு வாரம் பொறுக்கலாம். விடுமுறை நாட்கள் குறுக்கிட்டாலே தாமதமாகும். ஒதுக்கீடு போய்விட்டது என்றால் கார்டின் பின்புறம் உள்ள எண்ணில் வங்கியை அழைத்து ஒரே கேள்வி கேட்டால் போதும்: இந்த ஒப்புதல் நிலுவையில் இருக்கிறதா, காலாவதியானதா, ரத்தானதா? ரத்து என்றால் பணம் தானாக எடுக்கப்பட வாய்ப்பில்லை. காலாவதி என்றால் கட்டு தாமதமாக வந்து சேரலாம். வந்தால் முன்னறிவிப்பில்லாமல் முழுத்தொகையும் பற்றாகும்.

அதனால் அந்த 2,40,000 ரூபாயைத் தனியாக வைக்க வேண்டும். அதற்குள் கார்டை ரத்து செய்வதும் கணக்கை மூடுவதும் வேண்டாம். அம்மாவின் வயிற்றில் கரைந்த புளிக்கு இதுதான் மருந்து. செலவழித்துவிட்டு நான்காம் மாதம் மொத்தமாகப் பற்று வந்து, குறித்த தேதியில் கட்ட முடியாமல் போனால் கிரெடிட் கார்டு வட்டி ஆரத்தின் சேதாரத்தையே தாண்டிவிடலாம்.

அடுத்து கடைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தேதி, பில் எண், ஸ்லிப்பில் உள்ள மெஷின் எண், ஆர்.ஆர்.என். எல்லாம் இருந்தால் கடையின் கணக்கர் தன் வங்கியில் ஒரே நாளில் தேடச் சொல்லலாம். மின்னஞ்சல் போதும். முழுக் கார்டு எண்ணையோ ஓ.டி.பி.யையோ எதற்கும் தர வேண்டியதில்லை.

கடைக்காரர் மறுபடி பணம் கேட்டால் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் முதல் பரிமாற்றம் தங்களுக்கு வரவில்லை, வந்தால் திருப்பித் தருகிறோம் என்று கடை முத்திரையோடு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். பின்னால் பழைய கட்டும் வந்து இரண்டு முறை எடுக்கப்பட்டால், ஒரே பொருளுக்கு இரட்டைப் பற்று என்று கார்டு வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்பப் பெற வலையமைப்பு விதிகளிலேயே வழி இருக்கிறது. அந்தச் சீட்டு அதற்கு ஆதாரம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

கடையின் பெயரைச் சொல்லி, “உங்க பேமென்ட் வரலை, இந்த லிங்க்ல கட்டுங்க” என்று வேறு எண்ணிலிருந்து வரும் அழைப்பு இன்னொரு ரகம். கடைக்கு நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணை அழைக்க வேண்டும்.

கடைசியாக அந்த ஸ்லிப். அது மையால் அச்சடித்தது இல்லை. தாளின் மேல் பூசிய நிறமற்ற சாயமும் ஓர் அமிலப் பொருளும் சூட்டில் உருகிச் சேர்ந்து கறுப்பதால் எழுத்து தெரிகிறது. வெயிலும், கை எண்ணெயும், பிளாஸ்டிக் உறையில் கசியும் வேதிப் பொருளும் பட்டால் அந்தச் சேர்க்கை கலைந்து தாள் வெறுமையாகிவிடும். விலையைக் கேட்கச் சட்டம் கடைக்காரருக்குத் தருவது மூன்று ஆண்டு. பர்ஸில் மடித்து வைத்த ஸ்லிப் ஒரு கோடையைத் தாண்டுவதே கஷ்டம். வாங்கிய அன்றே செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.